குழம்புச் சட்டிக்குப் போகும் வெடைக்கோழிகள்

ஐந்து மாதம் தீனி போட்டு வளர்த்த வெடைக்கோழி ஆறாவது மாதம் குழம்புச் சட்டிக்குள் போகிறது. அது செய்த குற்றம் என்ன? இன்னும் முட்டை வைக்கவில்லையாம்! "தெண்டத்துக்குத் தின்னுட்டு நிக்குது" என்று ஒரு தீர்ப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதை முடிந்தது. கொல்லையிலும் மொட்டைமாடியிலும் புதிதாக நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தவர்கள் வீட்டில் இந்த அநியாயம் நிறையவே நடக்கிறது.

அறுத்த பிறகுதான் உண்மை தெரியும். உள்ளே கொத்துக் கொத்தாக மஞ்சள் கருக்கள்... மிளகு அளவில் சில, கொண்டைக்கடலை அளவில் சில, நெல்லிக்காய் அளவில் ஒன்றிரண்டு. இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ விட்டிருந்தால் முதல் முட்டை கூடையில் கிடந்திருக்கும். "அடடா, முட்டைக் கோழியாச்சே" என்று அப்போது உச்சுக்கொட்டி என்ன பிரயோஜனம்?

இந்த அவசரத்துக்கு மூலகாரணம் பண்ணைக் கணக்கு. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். வருடத்துக்கு 300 முட்டை வரை வைக்கும். அதே கணக்கை நாட்டுக்கோழி தலையில் கட்டினால் எப்படி? நாட்டுக்கோழிக்கு ஆறு, ஏழு மாதம் ஆகும். சண்டைக்கோழி இனமான அசில் இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். குறுவை அறுவடை ஆகிவிட்டதே, சம்பா ஏன் இன்னும் பச்சையாக நிற்கிறது என்று எந்த விவசாயியாவது கோபப்படுவாரா?

இதில் வெளிச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பகல் நீளும்போதுதான் கோழியின் மூளை முட்டைக்கு உத்தரவு போடுகிறது. அதனால் பண்ணையில் விளக்குப் போட்டு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை வெளிச்சம் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் ஜூன் மாதப் பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. டிசம்பரில் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். மழையும் பனியுமாக இருக்கும் மாதங்களில் பருவத்துக்கு வரும் வெடைக்கோழி சில வாரம் தள்ளிப் போட்டால் அது சோம்பேறித்தனமா?

அந்தச் சில வாரமும் அது சும்மா இருப்பதில்லை. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே கோழி தன் எலும்புக்குள் அதற்கென்று தனியாகச் சேமிக்கத் தொடங்குகிறது. வெளியே பார்ப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் கிளறிக்கொண்டு திரியும் ஒரு கோழி, அவ்வளவுதான்.

கத்தி எடுக்காத அவசரக்காரர்கள் இன்னொரு காரியம் செய்கிறார்கள். மூன்று மாதக் கோழிக்கே லேயர் தீவனத்தைக் கொட்டுகிறார்கள், சீக்கிரம் வைக்குமாம்! முட்டைக்கோழிக்கான அந்தத் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். வளரும் கோழிக்கு 1 சதவீதமே போதும். மிச்சத்தை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெடும். முட்டை சீக்கிரம் வராது, கோழிதான் சீக்கிரம் போகும்.

"தீனிச் செலவை யார் கொடுப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஐந்து மாதச் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது சில வாரம். கொல்லையில் மேயும் கோழிக்குப் புழு பூச்சியும் வீட்டு மிச்சமும் பாதித் தீனி. அது வருடத்துக்கு 60, 70 முட்டை வைக்கும், தானே அடைக்கு உட்கார்ந்து குஞ்சும் பொரிக்கும். ஒரு நாள் குழம்புக்காக இத்தனையையும் விடுவது எந்த ஊர்க் கணக்கு?

இன்னொன்றும் உண்டு. கிராமத்தில் கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. பஞ்சாரத்தில் அடைத்து, பருந்துக்கும் கீரிக்கும் காவல் நின்று, கறையான் தட்டிப் போட்டு வளர்ப்பவர் அவர். முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டும் பேனாவும் வாங்குபவர் அவர். "விருந்தாளி வந்திருக்காங்க, அந்த வைக்காத கோழியை அடிச்சிரு" என்று தீர்ப்புச் சொல்பவர் மட்டும் வேறொருவர்!

அவசரப்படுவதற்கு முன் கோழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வெளிறிய கொண்டை சிவக்கும். காலையில் கேரிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் இடம் தேடும். முதுகில் கை வைத்தால் அப்படியே பதுங்கி உட்காரும். இதெல்லாம் தெரிந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட கூடை ஒன்று, உடைத்த கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம், அது போதும். குடற்புழு மருந்து கொடுத்து எவ்வளவு நாள் ஆயிற்று என்றும் யோசியுங்கள். வைக்கோல் போருக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தண்டம் என்று திட்டு வாங்கும் கோழி அங்கே ஏழெட்டு முட்டை வைத்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா? அதுவும் முடியாதென்றால் தெருமுனைக் கடையில் அட்டை அட்டையாக முட்டை இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். கோழியை விட்டுவிடுங்கள்!