37 வருஷம் லேட்டா வந்த புன்னகை

பீச் பாய்ஸ் ரசிகர்கள் ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு பஞ்சாயத்து நிச்சயம். 'ஸ்மைல்' ஆல்பத்துல எது ஒரிஜினல்? 1966-67ல பதிவு பண்ணிப் பரண்ல போட்டதா, 2004ல பிரையன் வில்சன் வேற இசைக்குழுவோட மறுபடி பாடினதா? பழசுதான்னு சத்தியம் பண்றவங்க ஜாஸ்தி. என் ஓட்டு 2004க்கு. அடிக்க வராதீங்க மக்களே, காரணம் சொல்றேன்.

கதை தெரியாதவங்களுக்கு: 1966ல 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டைத் துண்டு துண்டா, வேற வேற ஸ்டூடியோவுல பதிவு பண்ணி ஒட்டினார் பிரையன். அமெரிக்காவுல நம்பர் ஒன். ஒரு பாட்டுக்குச் செஞ்சதை ஆல்பம் முழுக்கச் செய்யலாம்னு இறங்கிட்டார். வயசு 24. வரிகள் வான் டைக் பார்க்ஸ். கேப்பிடல் நிறுவனம் லட்சக்கணக்குல அட்டையே அச்சடிச்சு வெச்சிருந்தது. 1967 மே மாசம் எல்லாம் நின்னு போச்சு.

போதைப்பொருள், மனநிலை, 'இந்த வரிக்கு என்னய்யா அர்த்தம்'கிற ரீதியில மைக் லவ் காட்டின எதிர்ப்பு... இதெல்லாம் எல்லாரும் சொல்ற காரணங்கள். இருக்கட்டும். பொட்டி தட்டுறவன் கண்ணுக்கு இன்னொண்ணும் தெரியுது. மாட்யூல் எல்லாம் கையில இருக்கு, இன்டக்ரேஷன்தான் ஆகலை. எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டு? அன்னிக்கு வரிசையை மாத்திக் கேட்கணும்னா டேப்பை பிளேடால வெட்டி ஒட்டணும். அன்டூ பட்டனா இருந்துச்சு? 24 வயசுப் பையன் மண்டைக்குள்ளயே அத்தனையையும் ஓட்டிப் பாக்கணும். எனக்கு ரெண்டு பிராஞ்சை மெர்ஜ் பண்றதுக்கே ரெண்டு காபி வேணும்.

அப்புறம் டேரியன் சஹனாஜா பழைய துண்டுகளை மடிக்கணினியில ஏத்தி, பிரையனோட உட்கார்ந்து வரிசை கோத்தார். பார்க்ஸ் வந்து விட்டுப்போன வரிகளை எழுதினார். 2004 பிப்ரவரியில லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல அரங்கேற்றம், செப்டம்பர்ல சிடி.

குரல் விஷயத்துல எதிர்க்கட்சி சொல்றது சரி. 'சர்ஃப்ஸ் அப்'ல 24 வயசுக் குரல் ஏறின உயரத்துக்கு 62 ஏறலை. ஆனா 'மிஸஸ் ஓ'லியரிஸ் கௌ' கேளுங்க. தீயைப் பத்தின இசை. 1966ல அதைப் பதிவு பண்ணின சமயம் பக்கத்துல எங்கயோ தீப்பிடிக்க, நம்ம இசைதான் காரணமோன்னு மிரண்டு போய் மூட்டை கட்டினவர் பிரையன். அதே தீயை 2004ல முழுசா வாசிச்சு முடிச்சார். அவருக்கு முதல் கிராமி வாங்கிக் கொடுத்தது அந்தத் துண்டுதான்!

2011ல பழைய டேப்புகள் 'தி ஸ்மைல் செஷன்ஸ்'னு வந்தப்ப, அதையும் 2004 வரிசையை வெச்சுத்தான் அடுக்கினாங்க. பிரையன் 2025 ஜூன்ல போய்ச் சேர்ந்துட்டார், பஞ்சாயத்து மட்டும் ஓயலை. பழசுதான் ஒரிஜினல்னு அடம்பிடிக்கிறவங்க, அந்த வரிசையைப் போட்டது யாருன்னு மட்டும் சொல்லிட்டுச் சண்டைக்கு வாங்க.