சமத்துப் புள்ளையும் சில சொட்டு ரத்தமும்

நம்ம திண்டுக்கல் பக்கம் புள்ள பொறந்தா என்னென்ன நடக்கும்? பொறந்த நேரத்தை நிமிஷம் பிசகாம குறிச்சுக்கிட்டு ஜோசியர்கிட்ட ஓடுவோம். பழனியில மொட்டை போட நாள் பார்ப்போம். "தைராய்டு பாத்தாச்சா?"ன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டோம். கேட்டா, "பச்சைப் புள்ளைக்கு ஏதுப்பா தைராய்டு?"ன்னு பதில் வரும்.

வரும் சாமி. பொறக்கும்போதே வரும். ஐ.சி.எம்.ஆர். 2007-லிருந்து 2012 வரைக்கும் ஐந்து நகரங்கள்ல ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சைக் குழந்தைகளைச் சோதிச்சுப் பாத்தது. 1130-ல ஒண்ணுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு. சென்னையில மட்டும் பாத்தா 727-ல ஒண்ணு!

கொடுமை என்னன்னா, பொறந்த உடனே பார்த்தா தெரியாது. அம்மாவோட ஹார்மோன் கொஞ்சம் காப்பாத்தியிருக்கும். அப்புறம் மெதுவா ஆரம்பிக்கும்: நிறைய தூக்கம், மலச்சிக்கல், இழுத்துக்கிட்டே போற மஞ்சக்காமாலை. அப்பத்தா என்ன சொல்லும்? "எம்புட்டு சமத்துப் புள்ள, அழுகவே மாட்டேங்குது!" தூங்குற புள்ளைக்கெல்லாம் இது இருக்காது, பயப்பட வேணாம். ஆனா அறிகுறி வரட்டும்னு காத்திருந்தா, அந்த இடைவெளியிலயே மூளை அடி வாங்கிரும். ரெண்டு வாரத்துக்குள்ள லெவோதைராக்சின் மாத்திரை ஆரம்பிச்சா பெரும்பாலும் மத்த புள்ளைங்க மாதிரியே வளரும். ரொம்ப லேட்டானா உயரத்தை ஓரளவு மீட்டிரலாம், போன அறிவுத்திறன் முழுசா திரும்பாது. மாத்திரை விலை? ஒரு நாளைக்கு ஒரு டீ காசுகூட ஆகாது.

"இதுக்குன்னு குழந்தை ஹார்மோன் டாக்டரைத் தேடி மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் அலையணுமா?"ம்பாங்க. இந்த வாதம்தான் எனக்கு எரிச்சல். பொறந்து 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள்ள குதிகால்ல ஒரு குத்து, சில சொட்டு ரத்தம். நர்ஸ் போதும். தொப்புள்கொடி ரத்தத்துலயும் பார்க்கலாம். அந்த டாக்டரோட வேலை அதுக்கு அப்புறம். எடை ஏற ஏற டோஸை மாத்தணும், மூணு வயசுல மருந்து இன்னும் தேவையான்னு பாக்கணும். நாம மூணு வயசுலதான் "புள்ள வளரலை, பேசலை"ன்னு முதல் தடவையா கொண்டுபோய் நிறுத்தினா அவர் என்ன பண்ணுவார் பாவம்? டெஸ்டிங்ல விட்ட பக் ப்ரொடக்ஷன்ல வந்து நிக்கும்னு பொட்டி தட்டுற நமக்குத் தெரியாதா? நமக்காவது ரோல்பேக் இருக்கு.

கனடாவோட கியூபெக்ல 1974-லயே இந்தச் சோதனை ஆரம்பிச்சாச்சு. கோவாவுல 2008-ல. நம்ம மத்திய அரசோட 2013 குழந்தைகள் நலத் திட்டப் பட்டியல்லயும் இது இருக்கு, ஆனா 'விருப்பத் தேர்வு'ங்கற வால் ஒட்டிக்கிட்டு! மூளை என்ன, எக்ஸ்ட்ரா ரைத்தாவா, வேணும்னா வாங்கிக்கறதுக்கு?

திண்டுக்கல்லுக்கு 2022-ல அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாச்சு. இனி தூரத்தைச் சாக்கு சொல்ல முடியாது. அரசோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் பி.சி.ஜி. ஊசிக்குப் பக்கத்துல தைராய்டுக்கும் ஒரு கட்டம் போடுங்க. அது நிரம்பாம டிஸ்சார்ஜ் பண்ணாதீங்க. வீட்டுல விசேஷத்தை எதிர்பார்க்கற மக்களே, நீங்க வாயைத் திறந்து கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, ஆணி புடுங்குறவன். அளவு, மருந்தெல்லாம் உங்க டாக்டர்கிட்ட. கும்முறதா இருந்தா பின்னூட்டத்துல வாங்க.