மழை நாளில் மறையும் படம்

நம் லைன் வீடுகள் பலவற்றின் கூரைமேல் டிஷ் ஒன்று விண்ணை நோக்கி நிற்கின்றது. கன்னட நாட்டில் வாழும் நமக்குத் தமிழ்ச் செய்தியையும் பாட்டையும் நாள்தோறும் கொணர்ந்து தருவது அதுவே. ஆயினும் பெருமழையில் படம் மறைந்ததும் பழுதென்று அஞ்சி, ஆளை அழைத்துப் பணம் கொடுப்போர் நம்மிடையே உளர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிடும் குடும்பங்கள் பல. ஆகவே அக்கருவி இயங்கும் முறையை அறிதல் நலம்.

ஒளிபரப்பு நிலையம் படத்தையும் ஒலியையும் அலைகளாக்கி மேலே அனுப்புகின்றது. நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோள் அவற்றை ஏற்று, வலுவூட்டி, நாடெங்கும் பொழிகின்றது. நம் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அவ்வாழத்தைப் பதினாயிரம் முறை அடுக்கினும் துணைக்கோளை எட்டாது!

பூமி தன்னை ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே துணைக்கோளும் பூமியைச் சுற்றி முடிக்கின்றது. ஆதலின் நமக்கு அது ஓரிடத்தில் நிற்பதாகவே தோன்றும். டிஷ்ஷை ஒருமுறை திருத்தமாகப் பொருத்தினால் போதும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைத் தாங்கும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நம் ஊருக்கு அது தென்கிழக்கு வானில் உள்ளது. அத்திசையை மரக்கிளையோ புதுச்சுவரோ மறைத்தால் படம் வாராது.

டிஷ், வந்த அலைகளைத் தன் முன்னுள்ள எல்.என்.பி.யில் குவிக்கின்றது. அது அவற்றை வலுவூட்டிக் கேபிள் வழியே அனுப்ப, செட்டாப் பாக்ஸ் படமாக்கித் தருகின்றது.

வீட்டு டிஷ் பெறும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. அத்தகைய குறுகிய அலையை அடர்ந்த மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறச் செய்தும் மெலிவிக்கின்றன. மழை தணிந்தால் படம் தானே திரும்பும். மார்ச்சிலும், செப்டம்பர் இறுதியை ஒட்டியும், சில நாட்கள் முற்பகலில் கதிரவன் துணைக்கோளுக்கு நேர்பின்னே வருவான். அப்போதும் சில நிமிடங்கள் படம் கலங்கும். இவ்விரண்டும் பழுதல்ல.

வானம் தெளிந்தும் படம் வாராவிடில், முதலில் கேபிள் இணைப்பைப் பாருங்கள்; காற்றில் டிஷ் அசைந்ததா என்று நோக்குங்கள். அதன்பின் ஆளை அழைக்கலாம். மாதச் சந்தா சுமையாக இருப்போர்க்கு இலவச டிஷ் உண்டு; பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் போதும், டி.டி. தமிழும் அதில் வருகின்றது.

பெங்களூருக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகள் இரவில் திரும்பும்வரை, வீட்டிலிருக்கும் முதியோர்க்குத் தமிழ்க்குரல் துணையாக இருக்கின்றது. அத்துணை வீண்செலவின்றி நிலைக்க, இச்சிறிய அறிவு நமக்கு உதவும்.