சராசரிக்குள் மறையும் இரைச்சல்

தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை 2008-இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, வளரும் இந்தியாவின் அடையாளமாக அது வரவேற்கப்பட்டது. ஆனால், கிழக்கிலிருந்து அதில் இறங்கும் விமானங்கள் வசந்த் குஞ்ச் குடியிருப்புகளுக்கு மேலாகத் தாழப் பறந்தே வரவேண்டும். இரவு உறக்கத்தை இழந்த மக்கள் நீதிமன்றத்தையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தையும் நாட நேர்ந்தது. 2023 ஜூலையில் நான்காவது ஓடுபாதையும் திறக்கப்பட்டுவிட்டது.

விமான நிலையத்தின் அருகே குடியேறிவிட்டு இரைச்சல் என்று புலம்புவது முறையா என்று கேட்போர் உண்டு. வசந்த் குஞ்சின் அடுக்கு வீடுகள் பலவற்றைக் கட்டி விற்றதே தில்லி வளர்ச்சி ஆணையம் என்கிற அரசு அமைப்புதான். ஓடுபாதை பின்னர்தான் வந்தது. அரசின் ஒரு கை வீட்டை விற்க, இன்னொரு கை அதன் மேல் விமானத்தைப் பறக்கவிட்டால், பழியை மக்கள் மீது சுமத்துவது நியாயமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெலைத் தாண்டக்கூடாது. விமான நிலைய இரைச்சல் மண்டலங்களுக்கென மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜூனில் தனி அளவுகோலை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து செல்லும் நிலையங்களில் பகலில் 70, இரவில் 65 டெசிபெல் வரை அது அனுமதிக்கிறது. இரவில் வேறுபாடு வெறும் 20 டெசிபெல்தானே என்று எண்ணிவிடக்கூடாது. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும்; 20 கூடினால் நூறு மடங்காகும்.

இந்த வரம்பும் சராசரியாகவே கணக்கிடப்படுகிறது என்பதுதான் கவலைக்குரியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 20 விமானங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம் 80 டெசிபெல் இரைச்சலுடன் ஒரு வீட்டைக் கடப்பதாகக் கொள்வோம். எட்டு மணி நேரத்தில் மொத்த இரைச்சல் நேரம் பத்து நிமிடம்தான் என்பதால், சராசரி ஏறத்தாழ 63 டெசிபெல்தான் வரும். விதி மீறப்படவில்லை, ஆனால், அந்த வீட்டின் குழந்தையும் முதியவரும் நோயாளியும் இருபது முறை கண்விழித்திருப்பார்கள். சராசரிக்குத் தூக்கம் கெடுவதில்லை, மனிதர்களுக்குத்தான் கெடுகிறது.

எனவே, கருவிகளைப் பொருத்தி அளப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு விமானமும் எத்தனை மணிக்கு, எந்தப் பாதையில், எவ்வளவு இரைச்சலுடன் கடந்தது என்பதைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தைச் சுற்றி வசிப்போர், விமானங்களின் பாதையையும் கருவிகள் பதிவு செய்த ஒலி அளவையும் இணையத்திலேயே பார்க்க முடிகிறது. ஆஸ்திரேலியாவில் விமான இரைச்சல் புகார்கள் கையாளப்படும் விதத்தை ஆராய 2010 முதல் தனி குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 மணி வரையிலான விமானப் போக்குவரத்துக்கு 1995-ஆம் ஆண்டின் சட்டமே கட்டுப்பாடு விதிக்கிறது.

கடல் கடந்த சேவைகளுக்கு நள்ளிரவு நேரம் தவிர்க்க முடியாதது என்று விமான நிறுவனங்கள் கூறுவதில் உண்மை உண்டு. தில்லியில் இரவுச் சேவைகளை அடியோடு நிறுத்த இயலாது. ஆனால், நான்கு ஓடுபாதைகள் உள்ள ஒரு நிலையத்தில், இரவு நேரச் சுமை ஒரே குடியிருப்பின் தலையில் விழாதவாறு சுழற்சி முறையில் பகிர்வதும், எந்த இரவு எந்த ஓடுபாதை இயங்கும் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதும் இயலாத காரியமல்ல. பராமரிப்புக்காக ஓர் ஓடுபாதை மூடப்படும்போது, எந்தப் பகுதியில் இரைச்சல் கூடும் என்று அறிவிப்பதற்குச் செலவும் அதிகமில்லை.

2025 அக்டோபரில் நவி மும்பை விமான நிலையம் திறக்கப்பட்டது. தில்லிக்கு அருகே ஜேவரில் 2021-இல் இன்னொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றைச் சுற்றி மனைகள் விலை பேசப்படும்போதே, இரைச்சல் மண்டல வரைபடம் வாங்குவோரின் கைக்குக் கிடைத்தாக வேண்டும். பத்திரம் பதிவான பிறகு தரப்படும் எச்சரிக்கையால் பயனில்லை.

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் வகுக்கப்படும் விதிகளில், ஒலி அளவு விவரங்களை வெளியிடுவது விமான நிலையங்களின் கடமையாக்கப்பட வேண்டும். பயணிக்கு விமானம் எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்ல முடிகிற நிர்வாகத்தால், கீழே வசிப்பவருக்கு அந்த விமானம் எழுப்பிய இரைச்சல் எவ்வளவு என்று சொல்ல முடியாதா?