கத்துகிறதே என்று வாயை அடைக்காதீர்கள்!



நான் பத்தாவது வரை படித்த குடும்பத்தலைவி. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார், ஒரு பசு, கொஞ்சம் தென்னை. இந்தப் பகுதியில் சகோதரிகள் மாமியார் பிரச்னை, பிள்ளைகள் படிப்பு, சீட்டுப் பணம் என்று எவ்வளவோ எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது இன்வெர்ட்டரைப் பற்றி. 'இது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். அப்படி நினைத்துச் சும்மா இருந்ததால்தான் போன சித்திரையில் ஒரு ராத்திரி என் மாமியாரைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

2012-ல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போதுகூட நாங்கள் இன்வெர்ட்டர் வாங்கவில்லை. அரிக்கேன் விளக்கும் பனையோலை விசிறியுமாகவே ஓட்டிவிட்டோம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலம் கஜா புயல் வந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. டெல்டாவிலும் எங்கள் மாவட்டத்திலும் சேர்த்து லட்சத்துக்கும் மேலே கரண்ட் கம்பம் விழுந்தது. கேரளாவில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவில் விளக்கு எரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மாமியாருக்கு இழுப்பு உண்டு. நெபுலைசர் வைக்க வழியில்லாமல் அவர் அந்த நாட்களில் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுத்தான், அடுத்த பொங்கலுக்கு லீவில் வந்த வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினார்.

மாட்டிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர், அவருடைய மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோரும் சுற்றி நின்றார்கள். எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று கடைக்காரர் விளக்கமாகச் சொல்லிக் கொண்டிருந்தார். நான் உள்ளே ஐந்து பேருக்கு டீ போட்டுக் கொண்டிருந்தேன். பதினைந்தாம் நாள் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். அந்தப் பாடமும் அவரோடு ஏறிப் போய்விட்டது. மெஷினோடு வந்த புத்தகத்தில் இங்கிலீஷும் இந்தியும்தான் இருந்தன.

போன சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். திடீரென்று 'கீக்... கீக்...' என்று சத்தம். முதலில் பையனுடைய விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். பார்த்தால் இன்வெர்ட்டர். வீட்டில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. தெருவிலும் கரண்ட் இருக்கிறது. அப்புறம் ஏன் கத்துகிறது? பையன் முன்னால் இருக்கிற பட்டனை அமுக்கினான், நின்றது. கால் மணி நேரத்தில் மறுபடியும் கத்தியது. மாமியார், "பல்லி மாதிரி ஓயாமக் கத்துது, அதை நிறுத்து தாயி, காது வலிக்குது" என்றார்.

கடைக்குப் போன் போட்டேன். "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா? இருந்தா போனைக் குடுங்க" என்றார். இல்லை என்றேன். "அப்ப சுவிட்சை ஆஃப் பண்ணி வைங்க. ரெண்டு நாள்ல ஆள் வரும்" என்று வைத்துவிட்டார். எப்போது கத்துகிறது, எப்படிக் கத்துகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஆஃப் செய்தேன். வீடு அமைதியானது. நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தோம்.

ராத்திரி ஒரு மணி வாக்கில் காற்றோடு கோடை மழை. கரண்ட் போனது. மண் வாசனையும் ஈரக் காற்றும் வந்ததும் மாமியாருக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் இன்வெர்ட்டரை ஆன் செய்தால் இரண்டு நிமிஷம் ஓடிவிட்டு நின்று போனது. நெபுலைசர் பாதியில் நின்றது. உதடெல்லாம் நீலம் பூத்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, அவருடைய லோடு ஆட்டோவில் மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, விடிந்த பிறகுதான் பேசினார். பேசிய முதல் பேச்சே, "மாட்டுக்குத் தண்ணி வச்சியா?" என்பதுதான்.

இப்போது நல்லபடியாக இருக்கிறார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நான் ஆஃப் செய்யாமல் விட்டிருந்தாலும் பேட்டரியில் சார்ஜ் இருந்திருக்காது என்று பிறகுதான் தெரிந்தது. தப்பு ஆஃப் செய்ததில்கூட இல்லை. கத்தியபோதே ஏன் என்று பார்க்காமல், சத்தம் நின்றால் சரி என்று இருந்தேனே, அதுதான் தப்பு.

மூன்றாம் நாள் வரைக்கும் கடை ஆள் வரவில்லை. எங்கள் தெருவில் மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய் நின்றேன். வந்தவர் மெஷினைத் தொடவே இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார். "கரண்ட் இருக்கப்ப கத்துதா, இல்லாதப்பவா? கத்துறப்ப எந்த லைட் எரியுது? வீட்ல அப்ப என்னென்ன ஓடுது?" டாக்டர் நோயாளியைக் கேட்கிற மாதிரி. எனக்கு முதல் கேள்விக்குத்தான் பதில் தெரிந்தது.

"கரண்ட் இருக்கப்பவே கத்துது பெரியப்பா. சாயங்காலமானா கத்துது."

அவர் சிரித்துவிட்டு மெஷினின் பின்பக்கம் கையைவிட்டு ஒரு சின்ன சுவிட்சைக் காட்டினார். ஒரு பக்கம் யு.பி.எஸ்., இன்னொரு பக்கம் சாதாரணம். வீட்டுக்கு வர வேண்டிய கரண்ட் 230 வோல்ட். எங்கள் பக்கம் கோடையில் எல்லாத் தோட்டத்திலும் போர் மோட்டார் ஓடும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும். சுவிட்ச் யு.பி.எஸ். பக்கம் இருந்தால், வோல்டேஜ் ஏறக்குறைய 180-க்குக் கீழே வந்ததுமே 'கரண்ட் இல்லை' என்று மெஷின் தீர்மானித்துக் கொண்டு பேட்டரியில் ஓட ஆரம்பித்துவிடுமாம். சாதாரணப் பக்கம் இருந்தால் 100 வோல்ட் சொச்சம் வரைக்கும் பொறுத்துக் கொள்ளும். (மாடலுக்கு மாடல் இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும்.) நாங்கள் கரண்டில் ஓடுகிறது என்று நினைத்துக் கொண்டிருந்த மணிக்கணக்கான நேரமும் பேட்டரியைத்தான் குடித்துக் கொண்டிருந்தோம். 'தீரப் போகிறேன், தீரப் போகிறேன்' என்றுதான் அது கத்தியிருக்கிறது. கம்ப்யூட்டர் அணையாமல் இருக்கட்டும் என்று அந்தச் சுவிட்சைத் தள்ளி வைத்தவள் காலேஜ் படிக்கும் என் மகள். அவள் விடுதிக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடுத்து பேட்டரியைப் பார்த்தார். அதில் ஆறு மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு மிதவைக் குச்சி. பச்சை தெரிந்தால் தண்ணீர் போதும், சிவப்பு மட்டும் தெரிந்தால் போதாது. எங்களுடையதில் நான்கில் சிவப்பு. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கடையில் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டாலே தருவார்கள். என் ஓரகத்தி போர் தண்ணீரை ஊற்றி ஒரே வருஷத்தில் புது பேட்டரியைக் கெடுத்தாள், அதில் இருக்கும் உப்பும் இரும்பும் உள்ளே இருக்கிற ஈயத் தகட்டைத் தின்றுவிடும். கேன் தண்ணீரும் ஆகாது. ஆசிட் ஊற்றவே கூடாது. பச்சைக்கு மேலும் ஊற்றக் கூடாது, சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

அப்புறம்தான் பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரிக்கு நேர் மேலே சுவரில் எங்கள் சாமி பலகை. "ஏன் ஆத்தா, இதுக்கு மேலயா தினம் விளக்கு ஏத்துற?" என்று போட்டார் ஒரு சத்தம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருமாம். காற்றைவிட லேசானது, நேராக மேலே போகும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். இத்தனை வருஷமாக அதற்கு மேலே நெய் விளக்கும் சூடமும் ஏற்றியிருக்கிறேன்! ஜன்னல் காற்று காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கே சாமி அங்கேயே இருக்கட்டும் என்று இன்வெர்ட்டரைக் காற்றோட்டமான நடைக்கு மாற்றிவிட்டோம். சகோதரிகளே, இதை வாசித்த கையோடு உங்கள் வீட்டு பேட்டரி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லண்டனில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதைப் போனில் சொன்னபோது அவள் வேறு கதை சொன்னாள். அங்கே குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் கோத்துக் கறுப்புப் பூஞ்சை படியுமாம். அதற்காகக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் வைத்திருக்கிறாள். உள்ளே இருக்கும் வாளி நிறைந்தால் அதுவும் கத்தும். ஒரு நாள் வாளியைக் கொட்டிய பிறகும் கத்தியதாம். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, வாளியில் இருக்கும் மிதவை அழுக்கில் ஒட்டிக் கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துக் கழுவி வைத்திருக்கிறாள், சரியாகிவிட்டது. "அண்ணி, எங்க மிதவையும் உங்க மிதவையும் ஒண்ணுதான்" என்று சிரித்தாள். அவள் ஒன்றும் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை (அவளுக்கும் இது தெரியும்). அவள் கையில் அவள் வாசிக்கிற புத்தகம் இருந்தது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "நீ ஏன் அதுல எல்லாம் கை வைக்கிற? கரண்ட் விஷயம், ஏதாவது ஆயிடப் போவுது" என்று கோபித்தார். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ஒன்று கேட்கிறேன். கேஸ் சிலிண்டரை மாற்றுகிறவர் யார்? குக்கரில் எத்தனை விசில் வந்தால் பருப்பு, எத்தனை வந்தால் கறி என்று எண்ணுகிறவர் யார்? விசில் வராமல் ஆவி மட்டும் பக்கவாட்டில் வந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று சமையலறைக்கு வெளியே இருந்தே சொல்லிவிடுகிறோம். குக்கர் விசிலுக்குப் பழகிய காதுக்கு இன்வெர்ட்டர் விசில் மட்டும் புரியாதா? யாராவது ஒரு தடவை சொல்லித் தந்தால் போதும். மிக்ஸி போட்ட உடனே கத்தினால் லோடு தாங்கவில்லை, மிக்ஸியை நிறுத்த வேண்டும். (எங்கள் மெஷின் சுமார் 700 வாட்ஸ்தான் தாங்கும், மிக்ஸி மட்டுமே 750.) கரண்ட் போய் ரொம்ப நேரம் கழித்துக் கத்தினால் பேட்டரி தீரப் போகிறது, ஃபேனைக் குறைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போதே கத்தினால் வோல்டேஜையும் பின்பக்கச் சுவிட்சையும் பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலும் சார்ஜ் ஏறாது, அதைத் துடைக்க ஆளைக் கூப்பிடலாம்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெஷினின் மூடியைக் கழற்றக் கூடாது, சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். தண்ணீர் ஊற்றும்போதும் தங்க வளையலைக் கழற்றிவிட்டு, தாலிச் செயினை உள்ளே விட்டுக் கொண்டுதான் குனிய வேண்டும். பேட்டரியின் இரண்டு முனையிலும் உலோகம் சேர்ந்து பட்டால் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். ஆசிட் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். என் பழைய சுங்குடிச் சேலையில் இரண்டு ஓட்டை இருக்கிறது, பாடம் படித்ததற்குக் கூலி.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் ஆம்பளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். காசு கொடுக்கிறவர் அவர்தான், ஆனால் மெஷினோடு குடித்தனம் நடத்துவது நாங்கள். மாட்டிவிட்டு விளக்கம் சொல்லும்போது டீ வரும் வரைக்கும் காத்திருந்து, டீ கொண்டு வருகிறவரையும் நிற்க வைத்துச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நான் பையனை விட்டு எங்கள் மெஷினுக்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி நடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் பார்க்கும் தேதியைத் தினசரி காலண்டரில் மாதாமாதம் குறித்து வைக்கிறேன். போன மாதம் கடையிலிருந்து சர்வீசுக்கு ஒரு தம்பி வந்தார். வாசலில் நின்றபடியே, "சார் இல்லீங்களா?" என்றார்.

"சார் சிங்கப்பூர்ல இருக்காரு தம்பி. மெஷின் இங்க இருக்கு, நானும் இங்கதான் இருக்கேன். உள்ள வந்து என்கிட்ட சொல்லுங்க" என்றேன். மாமியார் கட்டிலில் இருந்தபடியே, "பின்னாடி சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு தம்பி" என்றார்.

இன்னொரு விஷயம். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து பேட்டரிக்கு ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது காற்றின் ஈரம்தான், ஆனால் தூசியும் ஏ.சி. குழாயின் உலோகமும் கலந்து வரும், வேண்டாம் என்கிறார் பெரியப்பா. ஊற்றிப் பார்த்த சகோதரிகள் யாராவது இருந்தால் என்ன ஆயிற்று என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஆலங்குடி அருகில், புதுக்கோட்டை மாவட்டம்.