பிள்ளைகள் கேட்கிறார்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தியே இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், தைப்பூசத்துக்கு முன் ஓர் இரவு திண்டுக்கல்–பழனி சாலையில் நின்று பார்க்க வேண்டும். கால் கொப்பளத்தோடு நடப்பவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர்! இங்கிலாந்து, வேல்ஸின் கதை வேறு. மதமில்லை என்றவர்கள் 2011 கணக்கெடுப்பில் 25.2 சதவீதம், 2021இல் 37.2. கிறிஸ்தவர்கள் பாதிக்கும் கீழே இறங்கியதும் அப்போதுதான். நம்மூரில் சாமி நம்பிக்கை அவ்வளவு கரையவில்லை. பெரியவர்கள் சொன்னதும் தலையாட்டும் வழக்கம்தான் போய்விட்டது. கோயிலில் இந்தச் சாதிக்கு மட்டும் ஏன் முதல் மரியாதை, தீட்டு என்று அம்மாவை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். பெரியார் பிறந்த மண்ணில் இவை புதிதுமில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்று வாயை அடைக்காதீர்கள், பெற்றோரே. உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.