பறை ஆசானின் கைக்கு என்ன காப்பீடு?

மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். சாவு மேளம் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பறை இன்று கல்லூரி மேடைகளில் ஒலிக்கிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். பறைக்கு மரியாதை வந்துவிட்டது. பறை கற்றுத் தரும் ஆசானின் நிலை என்ன?

ஆண்டு விழாவோ கலைத் திருவிழாவோ வந்தால் பள்ளிகள் நம் தெருவுக்கு ஆள் அனுப்புகின்றன. பத்து நாள் பயிற்சி, ஒரு சால்வை, ஒரு கவர். அதோடு கணக்கு முடிந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஊழியர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. ஆனால் சம்பளப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். ஆசானின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பட்டம் பெற்று வேலையில் சேர்ந்தவர் இசை ஆசிரியர். தகப்பனிடம் அடி கற்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் வெறும் மேளக்காரர். இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

சரி, ஏழைகளுக்கென்று இருக்கும் காப்பீட்டையாவது பார்ப்போம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். விபத்தில் இறந்தாலோ இரண்டு கைகளும் செயலிழந்தாலோ 2 லட்சம் ரூபாய். ஒரு கை மட்டும் போனால் 1 லட்சம். விரலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பறை அடிக்க ஒரு கையில் தடித்த குச்சி வேண்டும், மறு கையில் மெல்லிய குச்சி வேண்டும். ஒரு கை போனவருக்குத் தொழில் பாதி போவதில்லை, முழுதாகப் போகிறது. ஒரு கட்டை விரல் போனாலும் அதே கதிதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது மருத்துவமனைச் செலவைத்தான் ஏற்கும். கையில் கட்டுப் போட்டு மூன்று மாதம் வீட்டில் இருக்கும் ஆசானின் அடுப்புக்கு அது பதில் சொல்லாது.

தீர்வு இல்லாமல் இல்லை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் விரல் இழப்புக்குச் சதவீதக் கணக்கில் இழப்பீடு உண்டு. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குத் தொகை தரும் பாலிசிகளும் உள்ளன. 2007இல் தொடங்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், தன் உறுப்பினர்கள் அனைவருக்கும் இப்படியொரு குழுக் காப்பீட்டை எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். பயிற்சிக்கு அழைக்கும் பள்ளியும் கல்லூரியும் ஆசானின் பெயரைப் பயிற்றுநர் என்று எழுதி வைக்க வேண்டும்; அந்த நாட்களுக்கான காப்பீட்டையும் அவர்களே ஏற்க வேண்டும்.

அதுவரை, படித்த நம் பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஆசானை வாரியத்தில் பதிவு செய்யுங்கள். 60 வயதைத் தாண்டிவிட்டால் உறுப்பினராக முடியாது. வங்கிக்கு அழைத்துப் போய் 20 ரூபாய்த் திட்டத்தில் சேருங்கள். 70 வயது வரை அதில் இருக்கலாம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுபோகும், நினைவூட்டுங்கள். விபத்து நடந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, 30 நாட்களுக்குள் வங்கியில் விண்ணப்பம் கொடுங்கள்.

சால்வை ஒருநாள் மரியாதை. ஆசானின் கைக்குப் பாதுகாப்பு கேட்பது நம் உரிமை.